அரசின் ஆணையும் ஆண்டவன் கேட்கும் கணக்கும்

அரசாங்கக் காரியாலய மேசைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் கோவைகளோடு ஒருவர் அமர்ந்திருப்பார். மறு பக்கத்தில் கையில் ஒரு பையோடு மற்றொருவர் நின்றுகொண்டிருப்பார். முப்பது வருடங்களுக்கு மேலாக, அமர்ந்திருக்கும் பக்கத்தில் இருந்தவன் நான். இன்று இளைப்பாறிய நிலையில், அன்று நான் செய்த ஒரு காரியத்தையும் அதிலிருந்து எழும் ஒரு கேள்வியையும் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

1979ஆம் ஆண்டு. வன்னிப் பகுதியில் ஒரு கச்சேரியில் நான் இளம் லிகிதராக இருந்தேன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல அப்போது வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்களுள் ஒரு விதவைத் தாய், தான் துப்புரவாக்கிப் பயிர் செய்துவந்த ஒரு துண்டுக் காணிக்கு அனுமதிப் பத்திரம் கேட்டு என் மேசைக்கு வந்தார்.

“பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே அம்மா?” என்று கேட்டேன்.

“எங்கப்பா பொறந்ததும் தோட்டத்திலதாங்க, நான் பொறந்ததும் தோட்டத்திலதாங்க. அவரு பொறந்ததுக்குக் காயிதம் கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்?” என்றார் அவர்.

சுற்றுநிருபம் என் மேசையில் இருந்தது. “கொண்டு வந்தால் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடு வந்தார். அது செல்லாது என்றேன். மூன்றாம் முறை, தமது தகப்பனாரின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துப் பங்குத்தந்தை ஒருவர் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரத்தோடு வந்தார். அவர் கத்தோலிக்கர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தப் பத்திரத்தையும் ஏற்க விதியில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். நான்காம் முறை அவர் வரவில்லை.

குற்றம் எவரிடம்?

நான் இலஞ்சம் வாங்கவில்லை. கடுஞ்சொல் பேசவில்லை. பொய் எழுதவில்லை. விதியில் உள்ளபடியே நடந்தேன். அவ்வாறாயின் அந்தத் தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு உத்தரவாதி யார்?

அந்த விதிக்கு மூலமான சட்டம் 1948ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் இந்தத் தாயைக் கண்டதில்லை. அவரைக் கண்ட நானோ சட்டத்தை எழுதவில்லை. எனக்கு மேலிருந்த அதிகாரி சுற்றுநிருபத்தை அனுப்பினார். அவருக்கு மேலிருந்தவர் அதை வரைந்தார். அவருக்கும் மேலிருந்த அமைச்சர், முன்னையோர் விட்டுச்சென்ற சட்டத்தின்படி நடப்பதாகச் சொல்வார். சட்டத்தை இயற்றிய பாராளுமன்றமோ எப்போதோ கலைந்துவிட்டது. அநீதி மாத்திரம் கலையவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்தது நினைவிருக்கும். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். ஒரு நாட்டின் நிருவாகத்தில் இந்த மூன்றும் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. காரியத்தின் கனம் மேசைக்கு முன்னால் நிற்பவரின் தோளில் இருக்கிறது. அறிவு கச்சேரியில் இருக்கிறது. சம்மதமோ தலைநகரில் கொடுக்கப்பட்டது. ஆகவே பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகி “இது என் பாவம்” என்று சொல்ல எவரும் இல்லை. ஒரு பெரிய அநீதி, செய்தவன் இல்லாத அநீதியாகத் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடுகிறது.

அரசாங்கக் கொள்கைகளின் நீண்டகால விளைவுகளைப் பற்றிப் பொருளியலாளர் கணக்குப் போடுவர், அரசியல்வாதிகள் வாதாடுவர். ஆனால் இது முதலில் மனச்சாட்சிக்குரிய விடயம் என்பதே என் எண்ணம்.

ஐம்பத்தைந்து வருடங்கள்

அந்தச் சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் நிறைவேறியது. அதன்படி ஒருவர் இந்நாட்டில் பிறந்திருப்பது மாத்திரம் போதாது. அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு தன் பிரஜைகள் யார் என்பதை வரையறுப்பது நியாயமே என்று அன்று வாதிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் தமது குரல் அமுங்கிவிடும் என்ற பயம் கண்டிக் கிராமங்களில் இருந்ததும் உண்மை.

சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவானதாகவே இருந்தது. அதே நிபந்தனையை ஒரு கண்டிக் கிராமத்தவரிடமோ யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடமோ கேட்டிருந்தால், பாட்டன் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை எத்தனை பேர் காட்டியிருப்பர்? ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. தோட்டத்து மக்களிடம் மாத்திரமே கேட்கப்பட்டது. எழுத்தில் சமமாக இருக்கும் சட்டம் மேசையில் சமமற்றதாகிவிடும் விதம் இதுதான்.

1949ஆம் ஆண்டில், இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கு விண்ணப்பத்தின் மூலம் பிரஜாவுரிமை வழங்க ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தமக்கெனப் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து அனுப்பிய தோட்ட மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையேனும் அனுப்ப முடியாதவராயினர். அவர்களுடைய தலைவர் தொண்டமான் அவர்கள் மக்கள் வாக்கினால் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977ஆம் ஆண்டு வரை, முப்பது வருடங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைத் தேங்காய்போல் எண்ணிப் பங்கிட்ட அந்த ஏற்பாட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் பிரிந்த குடும்பங்கள் உண்டு. மலைநாட்டிலிருந்து புகைவண்டியில் தலைமன்னாருக்கு வந்து, கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்களின் அழுகையை மன்னார்த் தீவிலே கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நாட்டு மக்களில் 11.7 வீதமாக இருந்த இந்தியத் தமிழர், 1981ஆம் ஆண்டில் 5.5 வீதமாகக் குறைந்திருந்தனர்.

1988ஆம் ஆண்டு ஒரு சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டு மற்றொரு சட்டமும் வந்தே நாடற்றவர் என்ற நிலை நீங்கியது. 1948 முதல் 2003 வரை 55 வருடங்கள். ஒரு சில வாரங்களில் நிறைவேறிய சட்டத்தைத் திருத்த இரண்டு தலைமுறை சென்றது.

அப்பொழுதும் முடிந்ததா? இல்லை. 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைகளை அமைக்கும் சட்டம் வந்தது. அதிகாரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் நல்ல சீர்திருத்தம் அது. ஆயினும் தோட்டப் பகுதிகளில் சபைப் பணத்தைச் செலவிட அச்சட்டத்தில் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தார்கள். ஆனால் அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிடச் சபைக்கு வழியில்லை. 2018ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது. காயம் ஆறினாலும் தழும்பு புதிய சட்டங்களிலும் தொடர்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

யோசேப்பின் களஞ்சியம்

அவர்கள் தீய எண்ணத்தோடு செய்தார்கள், ஆகவே தீமை விளைந்தது என்று சொல்லி நாம் தப்பிவிடக்கூடாது. நல்லவர் நல்ல நோக்கத்தோடு செய்த சீர்திருத்தமும் காலப்போக்கில் நுகமாக மாறலாம். வேதாகமமே இதற்குச் சாட்சி.

ஆதியாகமத்தில் வரும் யோசேப்பை நாம் சிறுவயது முதல் அறிவோம். ஏழு வருடம் விளைச்சல், ஏழு வருடம் பஞ்சம் என்று முன்னறிந்து, விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேகரித்துக் களஞ்சியப்படுத்தி எகிப்து மக்களைப் பட்டினியிலிருந்து காத்தவர் அவர். நிருவாகத் திறமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் கதையின் பிற்பகுதியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. பஞ்சம் நீடித்தபோது மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினர். பணம் முடிந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தனர். அவையும் முடிந்தபின் தங்கள் நிலங்களையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றனர். பஞ்சம் தீர்ந்தது, ஆனால் நாடு முழுவதும் ஒரே மனிதனின் சொத்தாயிற்று.

பிறகு நடந்தது என்ன? யோசேப்பை அறியாத வேறொரு அரசன் தோன்றினான். யோசேப்பின் கையில் மக்களைக் காத்த அந்த அதிகாரம், இவன் கையில் யோசேப்பின் சொந்தச் சந்ததியையே அடிமைகளாக்கியது. அந்த அடிமைகளைக் கொண்டு அவன் கட்டுவித்த பித்தோம், ராம்சேஸ் என்ற பட்டணங்கள் எதற்காக? பண்டகசாலைகளுக்காக! பாட்டனின் களஞ்சியத்தைப் பேரன்மார் சவுக்கடியின் கீழ் கட்டினார்கள்.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு நல்லவரிடம் அளவில்லா அதிகாரத்தைக் கொடுக்கும்போது, அதை அவருக்கு மாத்திரம் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமரப்போகும், நாம் அறியாத ஒருவருக்கும் கொடுக்கிறோம். நோக்கம் மனிதனோடு இறந்துவிடும். அதிகாரம் ஆசனத்தோடு நிலைத்திருக்கும்.

நமது நாட்டிலும் இதைக் கண்டோம். சோல்பரி அரசியல் யாப்பின் கீழ் அரசாங்க ஊழியரின் நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் ஒரு சுதந்திரமான ஆணைக்குழுவிடம் இருந்தன. 1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பு அவ்வதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. மக்கள் தெரிவுசெய்த அரசாங்கத்துக்கு ஊழியர்கள் கட்டுப்பட வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அவ்வதிகாரத்தை ஆக்கியோரே என்றென்றும் அதை வைத்திருக்கவில்லை. 1977இல் ஆசனம் மாறியது. வேலைக்கும் இடமாற்றத்துக்கும் எம்.பி.யின் கடிதம் தேடி அலையும் வழக்கம் எந்தக் கட்சி ஆண்டபோதும் வளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் 17ஆம் திருத்தம் ஆணைக்குழுவுக்குச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2010இல் 18ஆம் திருத்தம் பறித்தது. 2015இல் 19ஆம் திருத்தம் கொடுத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொடுத்தது. இருபத்தொரு வருடங்களில் ஐந்து முறை! அடிக்கடி இடம் மாற்றி நடும் தென்னை காய்ப்பதுண்டா? சட்டத்தை இலேசாக மாற்றக்கூடாது, ஏனெனில் மாற்றம் என்பதே மக்களின் வழக்கத்தைக் குலைத்துச் சட்டத்தின் வலிமையைக் குறைக்கிறது என்று அக்குவினாஸ் தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே போதித்தார். மாற்றத்தினால் விளையும் நன்மை அந்த நட்டத்தை ஈடுசெய்வதாக இருந்தாலே மாற்றலாம் என்பது அவர் கருத்து.

ஒரு காயத்துக்கு மற்றொரு காயம்

நிருவாகச் சீர்திருத்தத்தின் விளைவு சில வேளைகளில் நூறு வருடங்களுக்குப் பின்னரே வெளிப்படும். 1833ஆம் ஆண்டில் கோல்புறூக் – கமரன் குழுவினரின் சிபார்சுப்படி இலங்கை முழுவதும் ஒரே நிருவாகத்தின் கீழ் ஐந்து மாகாணங்களாக அமைக்கப்பட்டது. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. அரசாங்க உத்தியோகத்தின் கதவு சுதேசிகளுக்கும் திறந்தது. இவை நன்மைகளே. ஆனால் நிருவாகத்தின் மொழி ஆங்கிலமாயிற்று. அதன்பின் சிங்கள விவசாயிக்கும் தமிழ் விவசாயிக்கும் தன் சொந்த நாட்டு அரசாங்கம் அனுப்பும் கடிதத்தை வாசிக்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

மிசன் பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் நாம் இதைக் குறையாக உணரவில்லை. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று பழமொழியே உண்டாக்கிக்கொண்டோம். கடிதத்தை வாசிக்க முடியாத ஏழையின் பக்கத்திலிருந்து நாம் அந்தக் காலத்தைப் பார்த்ததில்லை. வாசித்துக் காட்டும் உத்தியோகத்தரின் பக்கத்திலிருந்தே பார்த்தோம்.

அந்த ஏழையின் மனக்குறை நூற்றிருபது வருடங்களாக வளர்ந்து, 1956ஆம் ஆண்டில் உத்தியோக மொழிச் சட்டமாக வெடித்தது. மக்களின் மொழியில் அரசாங்கம் நடக்க வேண்டும் என்ற கோரிக்கை நீதியானது. ஆனால் அந்த நீதியைச் சிங்களம் பேசுபவருக்கு வழங்கிய அதே சட்டம், அதே அநீதியைத் தமிழ் பேசுபவருக்கு இழைத்தது. ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க முடியாமல் நின்ற கிராமத்தவனின் இடத்தில் இப்போது தமிழ்க் கிராமத்தவன் சிங்களக் கடிதத்தோடு நின்றான். காயம் ஆறவில்லை, ஆள் மாறியது.

கோடீஸ்வரன் என்ற அரசாங்க லிகிதரின் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் அவருடைய சம்பள உயர்ச்சி 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், தொடரலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்விக்கு மாத்திரம் இறுதி விடை கிடைக்கவேயில்லை. கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடையாதபோது அது தெருவுக்கு வருகிறது. பிறகு என்ன வந்தது என்பதை நம் ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

1987ஆம் ஆண்டில் 13ஆம் திருத்தம் தமிழையும் உத்தியோக மொழியாக்கியது. 31 வருடங்களின் பின் சட்டப் புத்தகம் திருத்தப்பட்டது. ஆனால் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைச் சட்டப் புத்தகம் உண்டாக்காது. ஒரு தலைமுறைக் காலம் தமிழர் அரசாங்க சேவையில் குறைந்துபோயினர், மொழிபெயர்ப்பாளர் பயிற்றப்படவில்லை, ஆகவே இன்றும் தமிழ் வீட்டு வாசலுக்குச் சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதம் வருவது உண்டு. இடித்த சுவரைச் சட்டத்தால் கட்டமுடியாது; கல் வேண்டும், கொத்தன் வேண்டும், காலம் வேண்டும்.

நன்மையும் கலந்தே விளைகிறது

நீதியாகப் பேசுவதாயின் நன்மைகளையும் சொல்ல வேண்டும். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையும், 1945இல் வந்த இலவசக் கல்வியும் இல்லாதிருந்தால் இதை எழுதும் நானும் வாசிக்கும் உங்களிற் பலரும் எங்கே இருந்திருப்போம்? 1963இல் பரம்பரைச் செல்வாக்கில் வந்த கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சை மூலம் தெரிவாகும் கிராம சேவகர் வந்தார். அறுபது வருடங்களுக்குப் பின்னும் நாம் அவரை “விதானையார்” என்றே அழைக்கிறோம். பெயர் ஒழியச் சீர்திருத்தத்தைவிட அதிக காலம் வேண்டும் போலும். 1992ஆம் ஆண்டில் பிரதேச செயலகங்களுக்கு அதிகாரம் மாற்றப்பட்டதால், முன்பு மாவட்டக் கச்சேரிக்கு நாள் முழுவதும் பயணம் செய்த ஏழை, இன்று அருகிலேயே பல காரியங்களை முடித்துக்கொள்கிறான்.

1970களின் தரப்படுத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து மாணவர் கூடிய புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டதை எண்ணிக் கொதித்தனர். மொழியைக் கொண்டு புள்ளியைப் பிரித்த முதல் ஏற்பாடு அப்பட்டமான அநீதி. அதன் விலையை நாடு முழுவதும் இரத்தத்தால் செலுத்தியது. பின்னர் வந்த மாவட்டப் பங்கீட்டினாலோ மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பகுதிகளின் பிள்ளைகள் சிலர் தம் கிராமத்தின் முதல் வைத்தியராக, முதல் பொறியியலாளராக வந்தனர். ஒரே கொள்கை ஒரு தமிழ்க் குடும்பத்தில் கண்ணீரையும் மற்றொரு தமிழ்க் குடும்பத்தில் விளக்கையும் ஏற்றியது. இதனால்தான் ஒரு கொள்கையை எடைபோடும்போது என் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்ற தராசு மாத்திரம் போதாது.

குருக்களின் நிலம்

யோசேப்பின் கதையில் இன்னொரு சிறு விபரம் என் மனத்தை உறுத்துகிறது. எகிப்தியரின் நிலமெல்லாம் பார்வோனுக்குப் போனபோது, குருக்களின் நிலம் மாத்திரம் தப்பியது. அவர்களுக்கு அரண்மனையிலிருந்து படி கிடைத்தது. அவர்கள் மக்களுக்காகப் பேசியதாக ஒரு வரியும் இல்லை.

1960ஆம் ஆண்டில் எமது பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க முனைந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் இரவு பகலாகப் பாடசாலைகளில் தங்கியிருந்து காவல் காத்தார்கள். பம்பாய்க் கருதினால் கிராசியஸ் ஆண்டகை சமரசம் பேச வந்தார். நமது உரிமைக்காக நாம் நின்றது சரியே. ஆயினும் ஆத்தும சோதனையில் ஒரு கேள்வி எழுகிறது. அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர், அவர்களுள் நம்மோடு ஒரே நற்கருணையை உட்கொள்ளும் சகோதரரும் அடங்க, நாடற்றவராக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் நித்திரை விழித்தோம்? அன்று தமிழ்ப் பிரதிநிதிகளே ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. பிறருடைய உரிமை பறிபோகும் சட்டத்தை நாம் மௌனமாகப் பார்த்திருந்தால், நம்முடைய உரிமை பறிபோகும் சட்டத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களாவோம். 1948இலிருந்து 1956க்கு எட்டு வருடங்களே.

திருச்சபையின் போதனை

பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியவற்றைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். கிராமத்தில் தீர்க்கக்கூடியதைக் கிராமத்தில் தீர்க்க விட வேண்டும் என்பதே இதன் சாரம். பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963ஆம் ஆண்டுச் சமாதானச் சுற்றுமடலில், சிறுபான்மை இனங்களின் மொழியையும் பண்பாட்டையும் வளர்ப்பது அரசின் கடமை என்றார். அதே இடத்தில், சிறுபான்மையினர் தம் பெருமையை அளவுக்கு மீறி உயர்த்திக்கொள்ளும் சோதனையைப் பற்றியும் எச்சரித்தார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் 1987ஆம் ஆண்டில் “பாவக் கட்டமைப்புகள்” என்பதைப் பற்றி எழுதினார். என் முதற் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. அநீதியான அமைப்புகள் தாமாக வானத்திலிருந்து விழுவதில்லை. தனித்தனி மனிதரின் தனித்தனிச் செயல்களே அவற்றை உண்டாக்கி, உறுதிப்படுத்தி, அகற்ற முடியாதவையாக்குகின்றன என்பது அவர் போதனை. ஆகவே செய்தவன் இல்லாத அநீதி என்று ஒன்று இல்லை. பாவம் நூறாகப் பிரிந்து, நூறு பேரிடம் சிறு சிறு துண்டாக இருக்கிறது. சட்டம் எழுதியவரிடம் ஒரு துண்டு; கை உயர்த்தியவரிடம் ஒரு துண்டு; மௌனமாயிருந்தவரிடம் ஒரு துண்டு; மேசையில் இருந்தவரிடம் ஒரு துண்டு.

இன்று நாம் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத ஏழைகள் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் கூடினர்; இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. இனி வரும் சீர்திருத்தங்கள் கணனி மூலம் வரும். கணனிக்கு முகம் இல்லை. அதனிடம் மூன்றாம் முறை போய் மன்றாட முடியாது. ஆதலால் ஒரு புதிய சட்டமோ திட்டமோ வரும்போது, எந்த அரசாங்கம் கொண்டுவந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்.

முதலாவது: இதைத் தீர்மானித்தபோது அந்த அறையில் இல்லாதவர் யார்? சுமை அவர் தோளிலேயே விழும். இரண்டாவது: இந்த அதிகாரம் நாளை நாம் விரும்பாத ஒருவரின் கையில் இருந்தால் நாம் சம்மதிப்போமா? மூன்றாவது: இது பிழைத்தால் திருத்துவதற்கு வழி உண்டா, அந்த வழி ஏழைக்கு எட்டுமா? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத சீர்திருத்தம் எவ்வளவு அழகிய பெயரோடு வந்தாலும், அதை நாம் ஆற அமர யோசிக்க வேண்டும்.

அரசாங்க சேவையில் இருக்கும் நமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விதியை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறும் உத்தியோகத்தன் இன்று ஏழைக்காக மீறுவான், நாளை பணத்துக்காக மீறுவான். ஆனால் விதிக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு சிறு வெளி எப்போதும் உண்டு. அந்த வெளியில்தான் உத்தியோகத்தனின் ஆத்துமா இருக்கிறது. ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் விளக்கம் கேட்கலாம். “இந்த விதியால் இன்னாருக்கு இன்ன அநீதி நேர்கிறது” என்று கோவையில் ஒரு குறிப்பு எழுதலாம். இன்ன இடத்துக்குப் போனால் வழி உண்டு என்று சொல்லி அனுப்பலாம். குறைந்தது ஒரு கதிரை கொடுத்து அமரச் சொல்லலாம். மேலே இருப்பவர்கள் சட்டத்தின் விளைவை அறிவதற்கு அந்தக் குறிப்பைத் தவிர வேறு கண் இல்லை.

இனி என் சங்கீர்த்தனம். 1979இல் அந்த ஞானஸ்நானச் சாட்சிப் பத்திரத்தோடு நான் என் மேலதிகாரியிடம் போயிருக்கலாம். அவருடைய அறை என் மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. அவர் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். ஆம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை கூடும் என்பதே காரணம்; வேறு காரணம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் எழுதவில்லை. அந்த இருபது அடியை நடக்காதவன் நான்.

இறுதி நாளில் ஆண்டவர், சுற்றுநிருபத்தின்படி நடந்தாயா என்று கேட்கப்போவதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. அந்நியனாய் வந்தவரை ஏற்றுக்கொண்டாயா என்றே கேட்பார். அன்று அவர் என் முன்னால் ஒரு பையோடு நின்றார். மூன்று முறை வந்தார். நான்காம் முறை வேறொருவருடைய மேசைக்கு வரும்போது, அங்கே இருப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அவர் எழுந்து அந்த இருபது அடியை நடப்பாராக.